ஆறங்குலத் துணியில் ஓர் ஆறுதல்

பூத்தையல் வெறும் பொழுதுபோக்கு அன்று. துன்பக் காலத்தில் அது மனத்துக்கு ஊன்றுகோல்.

1942-இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து, ஐரோப்பியப் பெண்கள் பலரைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். கணவன்மாரோடு பேசவும் வழியில்லை. எத்தெல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண்மணியின் யோசனைப்படி, அவர்கள் ஆறங்குலச் சதுரத் துணிகளில் தம் பெயரையும் மனத்துக்குப் பிடித்த சித்திரத்தையும் தைத்தனர். 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. போர்வையில் பெயரைக் கண்டால், மனைவி உயிரோடிருப்பதைக் கணவர் அறிவார்.

நாம் வாழும் கர்நாடகத்தின் கசூதி வேலையும் மனத்தை அமைதிப்படுத்த ஏற்றது. தார்வாட் பக்கத்துப் பெண்கள் கோபுரம், தேர், துளசி மாடம் ஆகியவற்றைத் துணியின் இழைகளை எண்ணியே தைப்பார்கள்.

இதில் எளிய தையல் கவந்தி. இழை தெரியும் மேட்டித் துணியில், நான்கு இழை மேலே, நான்கு இழை கீழே என்று ஓட்டுத் தையல் போடுங்கள். திரும்பி வரும்போது விட்ட இடங்களை நிரப்புங்கள். முடிச்சு கூடாது, இரு பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். எண்ணிக்கை தவறினால் கோலம் பிசகும். ஆகவே கை வேலை செய்யும் வரை மனம் வேறெங்கும் ஓடாது.

வீட்டில் நோயாளியைக் கவனித்த மாதங்களில், தொம்மலூரில் ஜன்னலோரம் அமர்ந்து, தீப்பெட்டி அளவில் ஒரு துளசி மாடம் தைத்தேன். கவலை தீர்ந்துவிடவில்லை, ஆனால் அந்த அரைமணி நேரம் மூச்சு நிதானப்பட்டது.

சகோதரிகளே, பெரிய விரிப்பு வேண்டாம். உள்ளங்கை அளவுத் துணியில் தொடங்குங்கள். பிள்ளைகளையும், ஆண் பெண் பாராமல், அருகே உட்கார்த்தி இழை எண்ணக் கற்றுக்கொடுங்கள்.