பேட்டி டேப்பைச் சிடி ஆக்குவது எப்படி?

எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் பி.பி.சி. வானொலியில் மூன்று தடவை பேசினார். மிஞ்சியது 1937-ல் பேசியது ஒன்றுதான். பிரிட்டிஷ் நூலகம் 2008-ல் எழுத்தாளர்களின் பழைய ஒலிபரப்புப் பேட்டிகளையும் பேச்சுகளையும் சிடியாக வெளியிட்டபோது அதையும் சேர்த்தது. மற்ற இரண்டும் போனது போனதுதான்!

பத்திரப்படுத்தினாலும் ஆபத்து உண்டு. 1970, 80-களில் பதிந்த சில டேப்புகளில், ஆக்ஸைடு தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து ஹெட்டில் அப்பும், குரலும் போச்சு! சுமார் 50 டிகிரியில் பல மணிநேரம் சூடாக்கினால் கொஞ்ச காலம் தாங்கும். அதற்குள் காப்பி எடுத்தாகணும். (வீட்டு கேஸட்டை அடுப்பில் வெச்சிடாதீங்க!)

அடுத்து அஜிமத். ஹெட் இம்மி சாய்ந்தாலும் உயர் அதிர்வெண் குறைந்து 'ஸ' ஒலி மங்கும். டேப் ஓடும்போதே ஸ்க்ரூவைத் திருகிச் சரிபண்ணணும். இரைச்சலை வடிகட்டுவது கடைசி வேலை; அதுவும் நகலில்தான். பேசுபவர் மூச்சு வாங்கும் சத்தத்தை மட்டும் அழிச்சிடாதீங்க.