பூசும் மருந்து சேருமிடம்

படர்தாமரை, தேமல் முதலிய தோல்நோய்கள் பூஞ்சணத்தால் விளைவன. இவற்றுக்கு நல்ல களிம்புகள் பல உள. ஆயினும், பூசியும் பயனில்லையென மருந்தைப் பழிப்பாரைப் பலவிடத்துங் காண்கின்றோம். மருந்து சேரவேண்டிய இடத்தைச் சேராமையும் இதற்கொரு காரணமாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

தோலின் புறத்தே இறந்த கலங்களாலாய படையொன்றுண்டு. உடலின் பெரும்பாகத்தில் அதன் தடிப்பு 10 முதல் 20 மைக்ரோமீற்றர் வரையாகும். உள்ளங்கை, உள்ளங்கால்களில் மிகுதி. கலங்களைச் செங்கல் எனக் கொள்ளின், இடையேயுள்ள கொழுப்பு சாந்தாகும். இம்மதில் நஞ்சைத் தடுத்து எம்மைக் காப்பது போலவே மருந்தையுந் தடுக்கின்றது. படர்தாமரைப் பூஞ்சணமோ இப்படையிலுள்ள கெரற்றினை உண்டு அங்கேயே வாழ்வது. ஆதலின் மருந்து குருதியிற் கலக்கவேண்டுவதில்லை. மதிலினுட் புகுந்து தங்கினாற் போதும்.

இதற்கு வழிகள் சில உள. முதலாவது, மதிலை இளக்குதல். இலண்டன் மருத்துவர் விற்பீல்டின் பெயரால் வழங்கும் களிம்பில் பென்சோயிக்கமிலம் 6 வீதமும் சலிசிலிக்கமிலம் 3 வீதமும் உள. முன்னையது பூஞ்சணத்தை அடக்கும். பின்னையது இறந்த தோலை உரித்து வழிதிறக்கும். இரண்டாவது, கொழுப்பில் எளிதிற் கரையும் சிறு மூலக்கூறுகளைத் தெரிதல். தேர்பினாபின் இத்தகையது; பூசுதலை நிறுத்திய பின்னும் சில நாள் அப்படையிலே தங்கும். மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்துச் செலுத்தும் முறையும் ஆராயப்படுகின்றது.

நகத்தின் இயல்பு வேறு. அது மிகத் தடித்தது. அதன் கெரற்றின் மருந்தைப் பற்றி நிறுத்திவிடும். அவ்வாறு எளிதிற் பற்றப்படாத எபினாகொனசோல் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இனி, நாம் செய்யத்தக்கன யாவை? இடத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, நோயின் ஓரத்துக்கு அப்பாலும் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வரை மெல்லிதாகப் பூசல் வேண்டும். அரிப்பு நின்றதுமே மருந்தை நிறுத்தலாகாது; மருத்துவர் குறித்த நாள்வரை பூசுக. ஸ்ரெரோயிட் கலந்த களிம்பைத் தாமே வாங்கிப் பூசுவோர் சிவப்பு மறையக் கண்டு மகிழ்வர். உள்ளே பூஞ்சணமோ பரவும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருந்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். குப்பியிலுள்ளது அவற்றுள் ஒன்றேயாம். நோயாளியின் கூற்றை நாமே செய்தல் வேண்டும்.