மரக்காணம் கடற்கரைக்கு வர்ற தங்கச்சிக்கு

பெரிய முதலியார்சாவடியில ரூம் போட்டது நல்லதாப் போச்சு தங்கச்சி. கடல், ஈ.சி.ஆர்., ஆரோவில் ரோடு எல்லாமே கிட்ட. ஒண்ணை மட்டும் மறக்காதே. நீ தங்குறது விழுப்புரம் மாவட்டம், பாண்டிச்சேரி இல்லை.

ஒயின் விஷயத்துல இதுதான் முக்கியம். உன் வீட்டுக்காரருக்கு ஆசைன்னா பாண்டிச்சேரி ஹோட்டல்லயே சாப்பாட்டோட ஒரு கிளாஸ் குடிக்கட்டும். திரும்பி வர ஆட்டோ பிடிங்க. பாட்டிலை இந்தப் பக்கம் கொண்டு வந்தா கேஸ் ஆகும், வண்டியும் மாட்டும். கடை இல்லாத இடத்துல யார் எதை நீட்டினாலும் தொடவே கூடாது. 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்துல மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல பலி வாங்கிடுச்சு.

ஒயின் இந்தக் கரைக்குப் புதுசும் இல்லை. பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேட்டுல 1945-ல தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டினப்போ, ரோமானிய ஒயின் வந்த ஆம்போரா ஜாடிகளோட ஓடுகள் கிடைச்சுது. மேட்டுல இப்போ பார்க்கப் பெருசா ஒண்ணும் இல்லை. முதல்ல பாண்டிச்சேரி மியூசியத்துல அந்தப் பொருட்களைப் பாரு.

மீன் சாப்பிடுறதுன்னா மாசத்தைப் பாரு. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்போ வஞ்சிரம் கேட்டா ஐஸ்ல கிடந்தது வரலாம், விலையும் ஏறியிருக்கும். கரையில அன்னிக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டு, நெத்திலியோ சங்கராவோ குழம்பா வாங்கிச் சாப்பிடு.

ஆரோவில்ல மாத்ரிமந்திர் உள்ளே போகணும்னா முன்கூட்டியே பதிவு பண்ணணும். வெளியிலேர்ந்து பார்க்க விசிட்டர்ஸ் சென்டர்ல பாஸ் வாங்கிட்டு நடந்தா போதும். நீ தங்குற பக்கத்துக் கரையைக் கடல் அரிச்சிருக்கு, கல் கொட்டியிருக்கும். பிள்ளைகளை முழங்காலுக்கு மேல தண்ணியில இறக்காதே.

ஒரு நாளாவது விடியும்போதே கிளம்பி மரக்காணம் உப்பளத்துக்குப் போ. வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். கோடையிலதான் உப்பு வாருவாங்க. மழைக்காலத்துல பாத்தியெல்லாம் தண்ணிதான் நிக்கும். வெயில் ஏறினா வெள்ளை உப்புல கண்ணு கூசும், தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோ. அப்படியே கடப்பாக்கம் பக்கம் போனா ஆலம்பரைக் கோட்டை இடிபாடு. 1760-ல பிரெஞ்சுக்காரங்ககிட்டேயிருந்து ஆங்கிலேயர் பிடிச்சது.

உப்பளத்துல வரப்பு மேலயே நட, பாத்தியில கால் வைக்காதே. வெறுங்காலோட உப்பு வார்ற பெண்களைக் கேக்காம படம் எடுக்காதே. அங்கே யாராவது வித்தா, வீட்டுக்குக் கல்லுப்பு அவங்ககிட்டயே வாங்கிட்டுப் போ.