மூழ்கிய ஊரும் மூழ்காத அன்பும்

ஒரு நாட்டின் வளத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டின் ஆலைகளையும் சாலைகளையும் எண்ணிப் பார்ப்பர். அந்நாட்டு மக்களின் நெஞ்சத்தை அறிய விரும்புவோரோ அவர்தம் கலைகளை நாடுவர். முற்காலத்தில் காவியமும் கூத்தும் ஆற்றிய பணியை இக்காலத்தில் திரைப்படமும் ஆற்றி வருகின்றது. சீன நாட்டுத் திரைப்படம் ஒன்று இதற்குச் சான்றாகும்.

1978ஆம் ஆண்டில் சீனம் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கிற்று. அதன்பின் நகரங்கள் விரிந்தன, செல்வம் பெருகிற்று. உழவர் குடியிற் பிறந்தோர் பலர் வேலை தேடித் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் சென்றனர். குடும்பங்கள் பல பிரிந்து வாழலாயின. இம்மாறுதலைத் திரையில் வடித்தோருள் ஒருவர் ஜியா ஜாங்கே. அவர் 1970இல் ஷான்சி மாகாணத்து ஃபென்யாங் என்னும் ஊரிற் பிறந்தவர். 2006இல் அவர் இயக்கிய படம் வெனிஸ் திரைப்பட விழாவில் ‘தங்கச் சிங்கம்’ என்னும் உயரிய பரிசைப் பெற்றது. ‘மூன்று மலையிடுக்குகளின் நல்லோர்’ என்பது அப்படத்தின் சீனப் பெயருக்குப் பொருளாகும்.

யாங்சி ஆற்றின் குறுக்கே மாபெரும் அணை ஒன்றைக் கட்டும் பணி 1994இல் தொடங்கிற்று. வெள்ளத்தைத் தடுத்தலும் மின்னாற்றலை ஆக்குதலும் அதன் நோக்கங்கள். அணையால் விளைந்த நன்மை பெரிது. அதன் பொருட்டு மக்கள் இழந்ததும் பெரிது. 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் வாழிடத்தை விட்டுப் பெயர நேர்ந்தது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய ஃபெங்ஜியே நகரின் பெரும்பகுதி நீருள் மறைந்தது. அந்நகரமே படத்தின் களம்.

ஹான் சான்மிங் என்பவன் ஷான்சியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பதினாறு ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மனைவியையும் மகளையும் தேடி அவன் ஃபெங்ஜியேக்கு வருகின்றான். கையிலுள்ள முகவரியைக் காட்டி வழி கேட்கின்றான். அவனை அழைத்துச் சென்ற இளைஞன் ஆற்று நீரைச் சுட்டி, அவ்விடம் அதனுள் இருப்பதாகக் கூறுகின்றான். சான்மிங் மனம் தளர்ந்திலன். கட்டடங்களைச் சம்மட்டியால் இடிக்கும் கூலியாளருடன் சேர்ந்து உழைத்துக்கொண்டே மனைவியின் வரவுக்குக் காத்திருக்கின்றான்.

அதே நகருக்குச் செவிலி ஒருத்தியும் வருகின்றாள். ஈராண்டுகளாக வீடு திரும்பாத கணவனைக் கண்டு, மணவுறவை முடித்துக்கொள்ள அவள் விரும்புகின்றாள். ஒருவன் சேர வந்தான். ஒருத்தி பிரிய வந்தாள். மாறிவரும் சமுதாயத்தின் இரு முகங்களை இவ்விருவரிடத்தும் காண்கின்றோம்.

இறுதியில் சான்மிங் மனைவியைக் காண்கின்றான். அவளோ தமையன் பட்ட கடனுக்காகப் படகுக்காரன் ஒருவனிடம் உழைத்து வருகின்றாள். கடன் 30,000 யுவான். அதனை ஓராண்டில் ஈட்டித் தந்து அவளை மீட்பதாக அவன் உறுதி கூறுகின்றான். இடிந்த கட்டடம் ஒன்றினுள் இருவரும் ஒரே மிட்டாயைப் பகிர்ந்து உண்கின்றனர். அப்போது தொலைவில் மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து வீழ்கின்றது. உயிருக்கு ஊறு நேரக்கூடிய சுரங்கத்திற்கே அவன் மீண்டும் புறப்படுகின்றான்.

படத்தின் பெயர் அணையைக் குறித்ததன்று. அங்கு வாழ்ந்த நல்லோரைக் குறித்தது. நாடு முன்னேற அணையும் ஆலையும் வேண்டும். அவற்றுக்காகத் தம் மண்ணையும் மனையையும் இழந்தோரை நினைத்தலும், அவர்தம் வாழ்வு மீண்டும் தழைக்கத் துணை நிற்றலும் ஏனையோர் கடமையாகும்.