அலமாரியில் இருக்கும் இரவு உணவு

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து இருட்டிய பின் வீடு திரும்பும் நம்மவர் பலர், சோறும் ஊறுகாயுமாக இரவைக் கழிக்கின்றனர். வயிறு நிறையும், வளரும் குழந்தைக்கு அது போதாது. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெதியோனின் தானியத்தில் உண்டு. ஆதலின் இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

திங்களன்று வெண்பொங்கல், செவ்வாயன்று சப்பாத்தியும் கடைந்த பாசிப்பருப்பும், புதனன்று சோறும் ராஜ்மாவும். தில்லியில் எங்கும் கிடைக்கும் ராஜ்மாவை முதல்நாள் இரவே ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, புதுநீரில் நன்கு கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். அதிலுள்ள நச்சுப்பொருள் அரைவேக்காட்டில் அழியாது. எலுமிச்சை பிழிந்து உண்டால் பருப்பின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும்.

ஞாயிறன்றே அலமாரியைப் பார்த்து வைப்போம். வாரம் முழுதும் கவலையில்லை.