நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வாசிகசாலை



1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்துக் குடும்பங்கள் எத்தனையோ வன்னிக்கு வந்து, பரந்தன், கிளிநொச்சி, வவுனியா பக்கங்களில் குடியேறின. உங்களில் பலருக்கு இங்கே மாமனோ சித்தியோ இருப்பார்கள். 2009இல் முடிந்த போரில் அந்தக் குடும்பங்கள் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு ஓடின. திரும்பி வந்த ஊர்களில் முதலில் கூரையும் கிணறும்தான் தேவைப்பட்டன. அதற்கடுத்த தேவை, பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க ஓர் இடம். தோட்டத்திலும் இதே குறைதான். லயத்துக் காம்பராவில் ஒரே விளக்கடியில் சமையலும் படிப்பும் என்றால், பிள்ளை எங்கே போய் வாசிக்கும்?

"வெளிநாட்டுக்காரங்க வந்து கட்டித் தர மாட்டாங்களா?" என்று கேட்கிறோம். கட்டித் தரலாம். ஆனால் அவங்க போன பிறகு கதவைத் திறப்பது யார்? இதுதான் இன்றைய பாடம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

பரந்தனிலிருந்து ஏ9 வீதியில் ஆனையிறவைக் கடந்து போனால் யாழ்ப்பாணம். அங்குள்ள பெரிய பொது நூலகம் ஒரு வீட்டில் தொடங்கியது. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தன் வீட்டிலிருந்தே அயலவருக்குப் புத்தகம் இரவல் கொடுத்தார். 1934இல் ஒரு குழு அமைந்தது. ஒரேயொரு அறை, ஆயிரம் வரையான புத்தகங்கள், அவ்வளவுதான்.

இருபது வருடம் கழித்தே பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது வெளியாரும் கை கொடுத்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த லோங் அடிகளார், கடல் கடந்து வந்தவர், முன்னின்று உழைத்தார். இந்திய நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் படம் வரைந்தார். 1959இல் நூலகம் திறந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. திருத்திக் கட்டி, 2004இல் மறுபடி வாசகருக்குத் திறந்தார்கள்.

முதலில் ஊர் தொடங்கியது. பிறகே வெளியுதவி வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்.

நேபாளத்தில் பூட்டிய அலமாரி

1998இல் ஜோன் வுட் என்ற அமெரிக்கர் நேபாள மலைப் பாடசாலை ஒன்றுக்குப் போனார். சுற்றுலாக்காரர் விட்டுப்போன பிறமொழிக் கதைப் புத்தகங்கள் சில அங்கே இருந்தன. அவை பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. பழுதாகிவிடும் என்று அலமாரியில் பூட்டியும் வைத்திருந்தார்கள். அவர் பிறகு புத்தகங்கள் திரட்டிக் கொண்டுபோனார். 2000இல் 'ரூம் டு ரீட்' என்ற நிறுவனம் உருவானது. பல நாட்டுத் தொண்டர்கள் அதற்குப் பணம் திரட்டினார்கள். ஊரவரும் நிலமோ, உழைப்போ தங்கள் பங்காகக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் சொந்த மொழியிலேயே புத்தகம் வேண்டும் என்று அச்சிடவும் தொடங்கினார்கள். 2005இல் இலங்கைக்கு வந்து, தமிழிலும் சிங்களத்திலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

1. இடம்: பிள்ளை மடுவத்திலோ கோயில் மண்டபத்திலோ ஓர் அலமாரி போதும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

2. ஆள்: உயர்தரம் படித்த பிள்ளைகள் முறை போட்டு மாலையில் திறக்கட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

3. கொப்பி: யார், எந்தப் புத்தகம், என்றைக்கு எடுத்தார் என்று எழுதுங்கள். "கிழிஞ்சிரும்" என்று பயந்து பூட்டி வைக்காதீர்கள். வாசித்துக் கிழிந்த புத்தகத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

4. ஈரம்: மலைநாட்டுப் பனியில் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

5. உதவி: யாராவது "என்ன வேண்டும்?" என்று கேட்டால், தமிழ்ச் சிறுவர் நூல்களும் பரீட்சைப் பழைய வினாத்தாள்களும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியாத புத்தக மூட்டையை, நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லலாம். அது மரியாதைக் குறைவல்ல.

கைபேசி உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள தொண்டர்கள் 2005 முதல் நடத்தும் 'நூலகம்' இணைய நூலகத்தில் ஈழத்து, மலையக நூல்களைப் பணமில்லாமல் வாசிக்கலாம்.

கூடிப் பேசிப் பார்க்க

நம்ம தோட்டத்தில் ஓர் அலமாரி வைக்க இடம் எங்கே இருக்கிறது? வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகம் எத்தனை? கிழமைக்கு ஒரு மாலை திறக்க யார் முன்வருவார்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் வாசிகசாலையைத் தொடங்கலாம். கட்டடம் பிறகு வரட்டும்.