பொறுப்பேற்றவர் கடமை

பினாங்கு, ஆயர் ஈத்தாமில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாயை இழந்த பதினைந்து வயது மாணவன் ஒருவன் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார். சில மாதங்களாக அவன் பள்ளிக்கு ஒழுங்காகச் செல்வதில்லை. இரவில் நேரங்கழித்தே வீடு திரும்புகிறான். கேட்டால் எதிர்த்துப் பேசுகிறான். “நான் பெற்ற பிள்ளையா? அவன் அப்பாதானே பார்த்துக்கொள்ள வேண்டும்!” என்று மாமா சலித்துக்கொள்கிறார். சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா?

மலேசியாவில் 18 வயதிற்கு உட்பட்டவர்களின் நலனைக் காக்கச் சிறார் சட்டம் 2001 நடப்பில் உள்ளது. இது 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. பெற்றோரை மட்டும் இச்சட்டம் பொறுப்பாளிகளாகக் கருதுவதில்லை. ஒரு சிறாரைத் தற்போது தம் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் வைத்திருப்பவரையும் நீதிமன்றம் பாதுகாவலராகக் கொள்ளலாம். ஆகவே, மாமா, சித்தி, பாட்டி என எவராயினும், ‘எனக்கென்ன?’ என்று ஒதுங்கிவிட முடியாது.

‘அடியாத மாடு படியாது’ என்று சிலர் கூறுவர். ஆனால், தம் பராமரிப்பில் உள்ள சிறாரைக் கொடுமைப்படுத்துவதும், புறக்கணிப்பதும், கைவிடுவதும் குற்றமாகும். குற்றம் உறுதியானால் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 20 ஆண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கோபத்தில் கை ஓங்கும் முன்னர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறார் ஒருவர் மீது குற்றம் சாட்டப்பட்டால், வழக்கு சிறார் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். பெற்றோர் அல்லது பாதுகாவலர் விசாரணைக்கு உடன் வர வேண்டும். அச்சிறார் குற்றவாளி எனத் தீர்ப்பானால், அவரது நன்னடத்தைக்குப் பாதுகாவலர் பிணை எழுதிக் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். மாதம் ஒருமுறை பள்ளி ஆசிரியரைச் சந்தித்துப் பேசுவதும் அதன் நிபந்தனைகளுள் ஒன்றாக இருக்கலாம். பாதுகாவலரின் கவனக்குறைவு குற்றத்திற்குக் காரணமாக இருந்தால், அபராதத்தையும் அவரே செலுத்த நேரிடும். எனினும், சிறாரின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. திருந்தி வாழும் வாய்ப்பை அவர் இழந்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

சிறாரைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில், பாதுகாவலர் சிறார் நீதிமன்றத்தில் எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். உடனே அவர் காப்பகத்திற்கு அனுப்பப்படுவார் என்பதில்லை. குடும்பப் பின்னணியை ஆராய்ந்து நன்னடத்தை அதிகாரி அறிக்கை தந்த பின்னரே நீதிமன்றம் முடிவெடுக்கும். ஆயினும், இஃது இறுதி வழியாகவே இருத்தல் வேண்டும்.

அதற்கு முன்னரே செய்யக்கூடியவை பல உள்ளன. மாமா தந்தையுடன் மனம் விட்டுப் பேசலாம். பள்ளி ஆலோசகரைச் சந்திக்கலாம். சமூக நல இலாகாவின் உதவியை நாடலாம். 15999 என்னும் உதவி எண்ணுக்கு உறவினர் மட்டுமன்றிச் சிறாரும் அழைக்கலாம். நீண்ட காலம் வளர்க்க எண்ணும் முஸ்லிம் அல்லாத உறவினர், 1961ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்தின் வழி முறையான பாதுகாவலராக நியமனம் பெறவும் விண்ணப்பிக்கலாம்.

அந்த மாணவன் ஏன் இரவில் வீட்டுக்கு வரத் தயங்குகிறான்? தாயை இழந்த துயரத்தை யாரிடமாவது சொல்லியிருக்கிறானா? சட்டம் கடமையை மட்டுமே வரையறுக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள், அவனுடன் ஒரே வீட்டில் வாழ்பவர்களே.